கணக்கில் வராத முதலாளி

புள்ளியியல் துறையின் இரண்டாவது மாடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறையை அடுத்து ஓர் அறை இருந்தது. கதவில் ‘முறைசாராப் பொருளாதார மதிப்பீட்டுப் பிரிவு’ என்று பலகை தொங்கியது. இடம் போதாததால் ‘பிரிவு’ மட்டும் கீழே பொடி எழுத்தில் ஒடுங்கிக் கிடந்தது. பதிவு செய்யாமல், வரி கட்டாமல், யார் கணக்கிலும் சிக்காமல் நாட்டில் நடக்கிற வேலைகள் மொத்தம் எவ்வளவு பெரியவை என்று அளந்து சொல்வதுதான் அந்தப் பிரிவின் வேலை. பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு கணினி, ஓர் ஆள். நிழலில் நடப்பதை அளப்பவர் என்பதால் அந்த ஆளுக்கு அலுவலகத்தில் ‘நிழல் சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆள் ஒல்லி என்பதும் ஒரு காரணம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் அந்த மரியாதைகூட இல்லை. அவருடைய மனைவி வங்கியில் கவுன்ட்டரில் உட்காருபவர். எதிரே நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்தே என்ன கேட்கப் போகிறான் என்று சொல்லிவிடுவார். “நாடு பூரா யார் யார் ஒளிஞ்சு சம்பாதிக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கிற மனுஷன், நெத்தியில ஏத்திவிட்ட கண்ணாடியை வீடு பூரா தேடுறாரு” என்று தொலைபேசியில் தன் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார். நிழல் சார் அதைக் கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுவார்.

அளப்பதற்கு அவரிடம் மூன்று வழிகள் இருந்தன. புழங்குகிற ரொக்கத்தை வைத்து அளந்தால், நாட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு மறைவில் இருப்பதாக வந்தது. எரிந்த மின்சாரத்தை வைத்து அளந்தால் மூன்றில் ஒரு பங்கு. வேலை செய்கிறவர்களின் தொகையிலிருந்து சம்பளப் பட்டியலில் இருப்பவர்களைக் கழித்தால் பாதிக்குப் பாதி. ஒரே இடுப்பை மூன்று தடவை அளந்து மூன்று அளவு சொல்கிற தையற்காரரை நம்பி யாராவது துணியைக் கொடுப்பார்களா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்வார். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அறிக்கையில் மூன்றையும் போட்டு, அடியில் ‘முடிவுகள் எச்சரிக்கையுடன் பயன்படுத்தப்பட வேண்டும்’ என்று எழுதிவிடுவார். எச்சரிக்கையாகக்கூட அதை யாரும் பயன்படுத்தவில்லை.

அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் குழு வருவதாக இருந்தது. டைரக்டர் மேடம் அவரைக் கூப்பிட்டார்.

“சார், எனக்கு ஒரே ஒரு நம்பர் வேணும்.”

“மேடம், மூணு முறையில மூணு விதமா...”

“மூணு நம்பர் கொடுத்தா அதுக்குப் பேர் மதிப்பீடு இல்ல சார், ஜோசியம். வீடு வீடா ஆள் அனுப்பிக் கேட்டு எடுங்க.”

ஆள் வேண்டுமே. புதிதாக ஆள் எடுக்க நிதித் துறை கையை விரித்துவிட்டது. அதனால் ஒரு கான்ட்ராக்டர் மூலமாகக் கணக்கெடுப்பாளர்களை அமர்த்துவது என்று முடிவாயிற்று. நியமனக் கடிதம் இல்லை, விடுப்பு இல்லை, போன நாளுக்குக் கூலி. அந்தக் கோப்பில் நிழல் சார்தான் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுத்தான் போட்டார். அதில் வேடிக்கையாக ஏதாவது இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

கணக்கெடுப்பு தொடங்கியது. முதல் கட்டுப் படிவங்களைக் கூட்டிப் பார்த்தபோது, நகரத்தில் பாதிப் பேர் ஒரு வேலையும் செய்யாமல் காற்றைக் குடித்து உயிர் வாழ்வதாகத் தெரிந்தது.

“நீங்களே ஒரு நாள் நேர்ல போய்ப் பாருங்க” என்றார் டைரக்டர் மேடம். நிழல் சார் ‘சரி மேடம்’ என்று தலையாட்டினார். அவர் தெருவில் இறங்கி மனிதர்களைக் கேள்வி கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. மனிதர்கள் அட்டவணையில் வரும்போது அவருக்கு அவர்களோடு நன்றாகப் பழக முடியும்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவுக்கு, ‘டீச்சர்’ என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு கணக்கெடுப்பாளரோடு அவர் போனார். டீச்சருக்கு நாற்பதை நெருங்குகிற வயது. வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் இந்த வேலைக்கு வந்தவர். அவரிடம் ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த வீட்டுச் சங்கதியைக் கேட்பதற்கு முன்னால் தன் வீட்டுச் சங்கதி முழுவதையும் கொட்டிவிடுவார். மாமியாரின் மூட்டுவலி, மகள் கணக்குப் பாடத்தில் வாங்குகிற மார்க்கு, சரக்கு வேன் ஓட்டுகிற புருஷன் குறட்டை விடுகிற அழகு எல்லாம் வரும். வீட்டுக்காரர்கள் ‘அப்புறம்?’ ‘அப்புறம்?’ என்று கேட்பார்கள். யார் யாரைக் கணக்கெடுக்கிறார்கள் என்பதே புரியாது. வெளியே வரும்போது படிவத்தில் பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும்.

“டீச்சர், இப்படிப் பண்ணக் கூடாது. படிவத்துல இருக்கிற கேள்வியை அப்படியே கேக்கணும். அடுத்த வீட்ல நான் கேக்கிறேன், பாருங்க” என்றார் நிழல் சார்.

அடுத்த வீட்டில் ஒரு நடுவயதுப் பெண் கதவைத் திறந்தார். தோளிலும் தலைமுடியிலும் கலர் கலராக நூல் துணுக்குகள். உள்ளேயிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. நிழல் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தானே மூன்று மாதம் உட்கார்ந்து செதுக்கிய கேள்வியைப் படித்தார்.

“கடந்த ஏழு நாட்களில், ஊதியத்துக்காகவோ, இலாபத்துக்காகவோ, அல்லது குடும்ப ஆதாயத்துக்காகவோ, எந்தவொரு பொருளாதாரச் செயல்பாட்டிலும், குறைந்தபட்சம் ஒரு மணி நேரமேனும்...” இந்த இடத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. நின்று ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, “...தாங்கள் ஈடுபட்டதுண்டா?” என்று முடித்தார்.

அந்தப் பெண் டீச்சரைப் பார்த்தார். “என்ன சொல்றாரு இவரு? போலீஸா?”

“இல்லம்மா, புள்ளியியல்” என்றார் நிழல் சார்.

“அதுக்கெல்லாம் எங்க வீட்ல போன மாசமே ஊசி போட்டாச்சுங்க.”

“இல்லம்மா... நீங்க ஏதாவது வேலை பாக்குறீங்களா?”

“நான் என்ன வேலை பாக்குறேன்? வீட்ல சும்மாதான் இருக்கேன்.”

“உள்ள அது என்ன சத்தம்?”

“ஃபேன்.”

“ஃபேனா? விட்டு விட்டு ஓடுதே?”

“கரண்ட் சரியில்ல” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டார். மின்விசிறி மறுபடியும் துணி தைக்கத் தொடங்கியது.

நிழல் சார் படிவத்தில் ‘வேலை இல்லை’ என்று குறித்துக்கொண்டார். தன் வாழ்நாளின் அட்டவணைகளெல்லாம் இப்படித்தான் நிரம்பியிருக்கின்றன என்ற நினைப்பு வந்து, காதுமடல் சூடாயிற்று. டீச்சர் நல்ல மனசுக்காரர். வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

தெருவின் கோடியில் தகரக் கதவு போட்ட ஓர் இடம் இருந்தது. உள்ளே மோட்டார் ஓடுகிற இரைச்சல். கதவுக்கு மேலே அடுக்கடுக்காக அட்டைப் பெட்டிகள் எட்டிப் பார்த்தன. பசை வாடை மூக்கைத் துளைத்தது. சந்தேகமே இல்லை, பெட்டி செய்கிற பட்டறைதான். இழந்த மானத்தை இங்கே மீட்டுவிடலாம் என்று நிழல் சார் முன்னால் போய்த் தகரத்தை ஓங்கித் தட்டினார்.

கதவுக்கு அடியிலிருந்து ஒரு நாய் வெளியே வந்தது. அது குரைக்கக்கூட இல்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது. அடுத்த கணம் அவர் ஓடிக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிற மனிதர், தெருவோரம் மூட்டை ஏற்றி நின்ற ஒரு தள்ளுவண்டியின் மேல் எப்படி ஏறினார் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தும் அவருக்கே விளங்கவில்லை. ஏறும்போது வண்டியின் ஆணியில் மாட்டிக் கால்சட்டையின் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது.

“ஓடாதீங்க சார்! ஓடினா துரத்தும்! நில்லுங்க!” என்று கத்திக்கொண்டு டீச்சர் நடுவில் வந்தார். அவர் சொன்னது சரிதான். ஓடியதால்தான் நாய் துரத்தியது. துரத்திய நாய்க்கு வண்டிமேல் ஏறத் தெரியவில்லை, வாய்க்கெட்டிய தூரத்தில் டீச்சரின் கெண்டைக்கால் இருந்தது. கவ்விவிட்டது.

டீச்சரின் அலறல் கேட்டு உள்ளேயிருந்து ஒருவர் ஓடி வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை பசை.

“உங்க நாய் கடிச்சிருச்சு!” என்று மூட்டைமேலிருந்து நிழல் சார் கத்தினார்.

“என் நாயா? இது தெரு நாய்ங்க. எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார் பசைக்கைக்காரர். பிறகு நாயைப் பார்த்து, “டேய், உள்ள போடா” என்றார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

“உள்ள பட்டறை நடக்குதா?” அந்த நிலைமையிலும் நிழல் சாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“பட்டறையா? இங்க ஒண்ணுமே நடக்கலைங்களே” என்று மோட்டார் சத்தத்தை மீறிக் கத்தினார் அவர். ஆனால் ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, டீச்சரின் காலை வெகுநேரம் ஊற்றி ஊற்றிக் கழுவிவிட்டதும் அவரேதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பிடித்துக் கொடுத்ததும் அவரேதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்த்து, முதல் ஊசியைப் போட்டு, இன்னும் சில தடவை வரவேண்டும் என்று தேதி குறித்துக் கொடுத்தார். காலை ஊன்றாமல் பத்து நாள் ஓய்வு என்றும் எழுதினார். சீட்டோடு பதிவு ஜன்னலுக்குப் போனார்கள். நிழல் சார் படிவக் கோப்பைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டி ஒட்டியே நடந்தார்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த கிளார்க் தலை நிமிராமல் கேட்டார். “எங்க வச்சுக் கடிச்சது?”

“வேலை பாத்துக்கிட்டு இருந்தப்போ” என்றார் டீச்சர்.

“என்ன வேலை?”

“கணக்கெடுப்பு. கவர்மென்ட் வேலை.”

“அப்போ வேலையிடத்து விபத்து. முதலாளி யாரு? அவங்க கையெழுத்து வேணும். இருந்தா ஊசி, மருந்து, ஓய்வு நாள் கூலி எல்லாம் அவங்க கணக்குல போகும்.”

நிழல் சார் நம்பிக்கையோடு அலுவலகத்துக்குப் போன் போட்டார். நிர்வாக அதிகாரி நிதானமாகக் கேட்டுவிட்டு, “அந்தம்மா நம்ம ஆள் இல்லையே சார். நம்ம சம்பள ரோல்ல பேர் கிடையாது. கான்ட்ராக்டரைக் கேளுங்க” என்றார்.

கான்ட்ராக்டர் இன்னும் நிதானம். “சார், நான் ஆள் சப்ளை பண்றதில்ல, சேவை சப்ளை பண்றேன். ஒப்பந்தத்தைப் பாருங்க, நீங்க கையெழுத்துப் போட்டதுதான். அவங்கல்லாம் சொந்தமாத் தொழில் பண்றவங்க. அவங்க முதலாளி அவங்கதான்.”

டைரக்டர் மேடத்துக்குப் போன் போட்டார். “சார், நாய் கடிக்கிற இடத்துக்கு நீங்க ஏன் போனீங்க?” என்றார் மேடம். ‘நீங்கள்தானே போகச் சொன்னீர்கள்’ என்பது அவர் தொண்டை வரை வந்து, வழக்கம்போலத் திரும்பிப் போய்விட்டது.

“என்ன சார், யாரும் இல்லையா?” என்றார் கிளார்க். “கட்டத்தைக் காலியா விட முடியாது. முதலாளி இல்லைன்னா, ‘வேலை இல்லை, வீட்டில் இருப்பவர்’னு போட்டுடறேன். வீட்டுக்கிட்ட கடிச்ச மாதிரி.”

அதுவரை வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்த டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. “வேலை இல்லைன்னா எழுதுவீங்க? காலையிலேர்ந்து தெருத் தெருவா ஏறி இறங்கி இருக்கேன். ஊசிக்கு நானே வேணாலும் கொடுத்துக்கிறேன். வேலை இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க. சார், நீங்க சொல்லுங்க சார், நான் வேலையில இருந்தேனா இல்லையா?”

நிழல் சார் டீச்சரின் கையிலிருந்த கணக்கெடுப்புப் படிவத்தைப் பார்த்தார். நியமனக் கடிதம் இல்லாதவர், விடுப்பு இல்லாதவர், காயப்பட்டால் கேட்பாரில்லாதவர், முதலாளி என்று ஒருவரையும் சுட்டிக் காட்ட முடியாதவர்: முறைசாராத் தொழிலாளி என்றால் யார் என்று ஒவ்வொரு வருஷமும் அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர்தான் எழுதிவந்தார். இத்தனை வருஷம் அந்தப் பிராணியை மின்சார மீட்டரிலும் ரூபாய் நோட்டிலும் தேடியிருக்கிறார். அது அவருடைய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னாலேயே நொண்டிக்கொண்டு நிற்கிறது. அமர்த்தியவர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள், அதற்கு வழிசெய்த காகிதத்தில் எழுத்துப் பிழை திருத்தியவர் அவர்.

“கொடுங்க” என்று பேனாவை வாங்கினார். முதலாளி என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டார்.

“முதலாளிக்குத் தொழில்?” என்றார் கிளார்க்.

“அளக்கிறது” என்றார் நிழல் சார். கிளார்க் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ‘நில அளவை’ என்று எழுதிக்கொண்டார்.

அந்த நேரத்தில் வேன் ஓட்டுகிற புருஷன் பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மனைவியின் கட்டுப்போட்ட காலைப் பார்த்துவிட்டு, “யாருய்யா இவளுக்கு முதலாளி?” என்று கூடமே அதிரும்படி கேட்டார். நிழல் சார் கையைத் தூக்கினார். தூக்கியதில் கோப்பு நழுவி விழுந்தது, கிழிசல் உலகத்துக்குத் தெரிந்தது. புருஷன் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. “நீங்களுமா சார் கடி வாங்கினீங்க?” என்று பரிதாபமாகக் கேட்டார்.

நிழல் சார் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். தள்ளுவண்டியில் ஏறிய இடத்தை மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

“ஏங்க, முதலாளின்னு கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம் தெரியுமா? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்க கழுத்துலதான் வந்து விழும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா போட்டீங்க?”

“போட்டப்புறம் தெரிஞ்சுது.”

மனைவி எழுந்து போய் ஊசியும் நூலும் எடுத்து வந்தார். “சரி, அந்தக் கால்சட்டையைக் கொடுங்க, தைச்சுத் தர்றேன்” என்றார். வழக்கமாக அவருக்கு எதையும் மனைவி தைத்துக் கொடுப்பதில்லை.

முதலாளி ஆகிவிட்டதால், அடுத்தடுத்த ஊசிகளுக்கு டீச்சரை நிழல் சாரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓய்வு நாள் கூலியும் அவர் சம்பளத்திலிருந்துதான் போயிற்று. ஊசிக்குக் காத்திருக்கும் நேரத்தில் டீச்சர் தன் வீட்டுச் சங்கதிகளை மிச்சமில்லாமல் சொன்னார். நிழல் சாரும் தன் வீட்டுச் சங்கதிகளைச் சொல்லத் தொடங்கியிருப்பதை மூன்றாவது ஊசியின்போதுதான் கவனித்தார். நெற்றிக் கண்ணாடி விஷயத்தைக்கூடச் சொல்லிவிட்டிருந்தார்.

கால் ஆறி டீச்சர் வேலைக்குப் போன அன்றைக்குக் கான்ட்ராக்டர் அவருக்குப் பதில் வேறு ஆளைப் போட்டிருந்தார். “சொல்லாம நின்னவங்களுக்கு நான் எப்படிங்க இடம் பிடிச்சு வைக்க முடியும்?” என்றாராம். டீச்சர் போனில் சொன்னபோது நிழல் சாருக்குக் கோபம் வந்தது. கோபம் அவருக்குப் பழக்கமில்லாத சாமான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கணினியின் முன்னால் உட்கார்ந்து, நிபுணர் குழுவுக்கான அட்டவணையைத் திறந்து, தையல், பட்டறை, தள்ளுவண்டி என்று போய்க்கொண்டிருந்த வரிசையின் கடைசியில் ஒரு புதிய வரியைச் சேர்த்தார்: ‘அரசு அலுவலகங்களில் நியமனக் கடிதம் இன்றிப் பணிபுரிவோர்.’ தரைதுடைப்பவர்கள், ஓட்டுநர்கள், காவலாளிகள், தட்டச்சு செய்பவர்கள், கடைசியில் கணக்கெடுப்பாளர்கள். எண் தெரிந்த இடத்தில் எண்ணைப் போட்டார், தெரியாத இடத்துக்குக் கட்டடம் கட்டடமாக நடந்து எண்ணிவிட்டு வந்தார். கோப்புக்கு ‘இறுதி புதியது’ என்று பெயர் வைத்தார்.

எண்ணி முடித்த மறுநாள் காலை கோபம் இறங்கிவிட்டது. ஓய்வூதியம் கண்முன்னால் வந்து நின்றது. புது வரியை எடுத்துவிட்டு, சாதுவான இன்னொரு கோப்பைத் தயார் செய்து, அதற்கு ‘இறுதி’ என்று பெயர் வைத்தார். கூட்டத்தில் அதைத்தான் காட்டுவது என்று தீர்மானித்து அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

கூட்டத்தன்றைக்கு நீள மேசை. ஒரு பக்கம் டைரக்டர் மேடமும் அதிகாரிகளும், எதிர்ப்பக்கம் நிபுணர் குழு, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். நிழல் சார் கணினியைத் திறந்தார். ‘இறுதி’ என்றும் ‘இறுதி புதியது’ என்றும் இரண்டு கோப்புகள். புதியதுதான் கடைசியாகச் செய்தது என்று, கோப்புகளுக்குப் பெயர் வைத்த அதே மூளை அவருக்குச் சொன்னது. திறந்துவிட்டார்.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குழுவின் தலைவி, நரைத்த குட்டை முடிக்காரர், திரையின் அடிப்பக்கத்தைப் பேனாவால் சுட்டி ஏதோ கேட்டார்.

“கடைசி வரியில இருக்கிறவங்க யாருன்னு கேக்குறாங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர். பிறகு தானும் ஒரு தடவை அதைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இதுல நானும் உண்டா சார்? எனக்கும் நாள் கூலிதான்” என்றார்.

நிழல் சார் திரும்பித் திரையைப் பார்த்தார். எடுத்துவிட்டதாக நினைத்திருந்த வரி அங்கே இருந்தது. டைரக்டர் மேடத்தின் முகம் சிவந்தது. ஆனால் குரல் தேன்.

“அது டைப்பிங்ல விழுந்த தப்பு. இல்லையா சார்?”

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ‘ஆமாம் மேடம்’ என்றால் முடிந்துபோயிற்று. ஆமாம் என்றால் சரியான கணக்கைக் காட்டு என்பார்கள். அது இன்னொரு கோப்பில் இருக்கிறது, அந்தக் கோப்பைத் தேடித் திறப்பதற்குள் கை இன்னும் எதையெல்லாம் திறந்து தொலைக்குமோ என்று பயமாக இருந்தது. அவருடைய துணிச்சல் என்று அலுவலகத்தில் பிற்பாடு பேசிக்கொண்டதில் பாதி இந்தப் பயம்தான். மற்றப் பாதி, ஜன்னலுக்கு முன்னால் ‘வேலை இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க’ என்று கேட்ட குரல்.

“இல்ல மேடம்” என்றார். “தப்பு இல்ல. இந்தக் கட்டடத்துலயே எண்ணிப் பாத்துட்டுத்தான் போட்டேன். இந்தக் கணக்கெடுப்பை நடத்தினவங்களும் அதுல உண்டு.”

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்த்தார். நிழல் சார் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமாகவே மொழிபெயர்த்தார். தலைவி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, குறிப்பேட்டில் எதையோ எழுதி அடிக்கோடு போட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அதிகாரிகளின் பாணியில் சத்தமில்லாமல் நடந்தன. குழு போகும்போது விட்டுச் சென்ற பரிந்துரைகளில் அந்த வரியும் இருந்தது. டைரக்டர் மேடம் முந்திக்கொண்டார். கணக்கெடுப்பாளர்களுக்கு ஆறு மாத நியமனக் கடிதம் கொடுத்து, கான்ட்ராக்டர் நீக்கியவர்களையும் திரும்ப எடுத்து, அதைத் தன் சாதனையாகவே அறிக்கையில் சேர்த்துவிட்டார். தரைதுடைப்பவர்களும் ஓட்டுநர்களும் ‘பரிசீலனையில்’ என்று போனார்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நாட்டின் முறைசாராப் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு என்று அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பின் முடிவு அல்ல அது. மூன்று எண்களில் நடுவில் இருந்தது அதுதான் என்று மேடம் எடுத்துக்கொண்டார். நிழல் சாரை விலைவாசிப் பிரிவுக்கு மாற்றினார்கள். சோப்பு, தீப்பெட்டி, வெங்காயம் என்ன விலை என்று கடை கடையாகக் கேட்டு எழுதுகிற வேலை. “நாடு தப்பிச்சுது” என்றார் மனைவி.

ஒரு மாதம் கழித்து டீச்சர் அவரைத் தேடிக்கொண்டு விலைவாசிப் பிரிவுக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து நிழல் சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததும் சம்பளச் சீட்டை மேசைமேல் போட்டார்.

“என்ன சார் இது? அது பிடித்தம், இது பிடித்தம்னு போட்டு, முன்னாடி வந்ததைவிட இப்போ கைக்குக் கம்மியா வருது. உங்க வாயை வச்சுக்கிட்டு நீங்க கம்முனு இருந்திருக்கக் கூடாதா?”

நிழல் சார் அசடு வழிந்தார். சேமநிதி என்றால் என்ன, காப்பீடு என்றால் என்ன, பிடித்தது எல்லாம் எங்கே போகிறது என்று விளக்கினார். அவர் விளக்கினால் எப்படி இருக்கும் என்று டீச்சருக்குத் தெரியும், நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“அது கெடக்கட்டும். லீவு உண்டுன்னு சொன்னாங்களே, அது நெஜமா? போடலாமா?”

“தாராளமாப் போடலாம்.”

“கூலியைப் பிடிக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

டீச்சர் அதை நம்பலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். “நீங்களே எழுதிக் கொடுங்க சார். பள்ளிக்கூடத்துலகூட நான் லீவு கேட்டதில்ல. எப்படி எழுதுறதுன்னே தெரியாது.”

நிழல் சார் எழுதத் தொடங்கினார். பெறுநர், பொருள், வணக்கம் எல்லாம் எழுதிவிட்டு, “காரணம் என்ன போட?” என்றார்.

“காரணம் வேற சொல்லணுமா?”

“சொந்த வேலைன்னு போட்டுரலாம். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க.”

“எனக்கு அன்னைக்குச் சொந்த வேலை ஒண்ணும் இல்லையே சார். மாமியார் நாத்தனார் வீட்டுக்குப் போறாங்க. அவரு லோடு ஏத்திக்கிட்டு வெளியூர். மகளுக்குப் பள்ளிக்கூடம். வீட்ல யாரும் கிடையாது. கதவைச் சாத்திக்கிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்கலாம்னு இருக்கேன்.”

நிழல் சார் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். பிறகு, ‘தூங்க வேண்டியிருப்பதால்’ என்றே எழுதினார். டீச்சர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டார்.